மானாவாரிக் கோப்பை

அருப்புக்கோட்டை
11 பிப்ரவரி 2024, ஞாயிறு

அன்புத் தம்பி ஹரிக்கு,

நானும் உன் மச்சானும் சுகம். எம்.ரெட்டியபட்டியில் அம்மாவும் சுகம், முழங்கால் வலி மட்டும் வந்து வந்து போகிறது. டிரெஸ்டனில் இன்னும் பனி விழுகிறதா? துர்காதேவிக்கு இருமல் நின்றுவிட்டதா?

போனில் பேச உட்கார்ந்தால் அம்மா, சித்தி, பக்கத்து வீட்டுக்காரர் என்று எல்லோரும் நடுவில் வந்துவிடுகிறார்கள். அதனால் போட்டி விஷயத்தை எப்போதும்போல் மின்னஞ்சலில் எழுதுகிறேன். எழுத்தில் இருந்தால் நாளைக்கு நீ "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று தப்பிக்கவும் முடியாது.

நம் மானாவாரிக் கோப்பையின் மார்ச் மாதக் 'கோ' பலகை ஆட்டப் போட்டிக்கு ஏழு கணினி நிரல்கள் பதிவாகியிருக்கின்றன. ஒற்றைப்படையாக இருந்தால் ஏதாவது ஒன்றுக்கு ஒவ்வொரு சுற்றிலும் எதிராளி இல்லாமல் போகும். அதனால் எட்டாவதாக நம்முடைய 'கரிசலை'ச் சேர்த்துவிட்டேன். நாம் இருவரும் எழுதிய நிரல் கடைசி இடத்துக்குத்தான் வரும், வரட்டும்.

நேற்று உன் மச்சான் மில்லில் ஷிப்டு முடிந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். திரையில் கறுப்புக் காயும் வெள்ளைக் காயும் தாமாக விழுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆடு புலி ஆட்டம் மாதிரிதான் இருக்கு. ஆனா மிஷினும் மிஷினும்தான விளையாடுது? நீ எதுக்கு உக்காந்து காவல் காக்குற?" என்றார். "பஸ்ஸு தானா ஓடுனாலும் பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பர் வேணும்ல?" என்றேன். சிரித்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

இப்போது விஷயம். போட்டியை எந்த முறையில் நடத்துவது? நாக்-அவுட் வைக்கலாம் என்கிறாய். எனக்கு மனம் ஒப்பவில்லை. இரண்டு வருடமாக ஸ்விஸ் முறையில்தான் நடத்துகிறோம். ஜெயித்தவர் ஜெயித்தவரோடு, தோற்றவர் தோற்றவரோடு, எல்லோரும் எல்லாச் சுற்றும் ஆடுகிறார்கள். அதில் என்ன குறை கண்டாய்?

இன்னொன்று. அடுத்த இரண்டு மாதம் நான் அடிக்கடி மதுரைக்குப் போக வேண்டியிருக்கும். பள்ளிக்கூட வேலை. கடிதம் தாமதமானால் கோபித்துக்கொள்ளாதே.

உன் அக்கா
அமுதவள்ளி

*

டிரெஸ்டன்
18 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே இருவரும் நலம். பனி நின்று மழை தொடங்கியிருக்கிறது. துர்காவின் இருமல் போய்விட்டது. நீ சொன்ன மிளகுப் பாலை நான்தான் காய்ச்சிக் கொடுத்தேன், அந்தப் பெருமையை எனக்கு எழுதிக்கொள். அம்மாவை அந்த முழங்காலோடு பருத்திக் காட்டுக்குப் போகாதே என்று சொல். நான் சொன்னால் கேட்க மாட்டாள்.

ஸ்விஸ் முறையில் குறை ஒன்றுமில்லை. வேடிக்கை பார்க்க ஆள் இல்லை, அதுதான் குறை. மூன்றாம் சுற்றிலேயே யார் ஜெயிப்பார் என்று தெரிந்துவிடுகிறது. நாக்-அவுட் என்றால் ஒவ்வோர் ஆட்டமும் உயிர்ப் போராட்டம். ஒரு தோல்வி, வெளியே போ. போன மாதம் நம் போட்டியைப் பார்த்தவர்கள் பதினோரு பேர். அதில் ஒருவர் நீ, ஒருவர் நான்.

ஒரு தடவை முயற்சி செய்து பார்ப்போம். சரிப்படவில்லை என்றால் நீ சொல்கிறபடியே மாற்றிவிடலாம்.

மதுரைக்குப் போய் வந்து களைத்துப் போகாதே. பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சரை எதற்கு மதுரைக்கு அனுப்புகிறார்கள்? பயிற்சியா?

மச்சானைக் கேட்டதாகச் சொல்.

பாசமுள்ள தம்பி
ஹரி

*

அருப்புக்கோட்டை
10 மார்ச் 2024, ஞாயிறு

அன்புத் தம்பிக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். இங்கே வெயில் இப்போதே தொடங்கிவிட்டது.

நாக்-அவுட் முடிந்து எட்டு நாள் ஆகிறது. நீ சொன்ன மாதிரியே கூட்டம் வந்தது, அறுபது பேர் பார்த்தார்கள். ஆனால் பிரேசில்காரர் மார்செலோவுக்கு நடந்ததைப் பார்த்தாயா? அவருடைய நிரல் முதல் ஆட்டத்தில் நன்றாகத்தான் ஆடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டாவது நிமிடத்தில் அவர் ஊரில் இணையம் அறுந்தது. நேரம் முடிந்து தோல்வி என்று பதிவாகிவிட்டது. மூன்று மாதம் உட்கார்ந்து திருத்திய நிரல். காலை ஐந்தரைக்கே எழுந்து தயாரானாராம். பன்னிரண்டு நிமிடத்தில் வெளியே அனுப்பிவிட்டோம்.

அவர் கோபமாக எதுவும் எழுதவில்லை. "நான் மற்ற ஆட்டங்களைப் பார்த்துக்கொண்டு இருக்கலாமா?" என்று மட்டும் கேட்டார். நம் ஊர் நேரம் மாலை ஐந்தரை வரை இருந்து பார்த்துவிட்டு நன்றி சொல்லிவிட்டுப் போனார். என்னால் அதைத் தாங்க முடியவில்லை ஹரி. ஒரு தடவை தவறினால் எல்லாம் முடிந்தது என்பது என்ன நியாயம்? அடுத்த சுற்று என்று ஒன்று வேண்டும். வேடிக்கை பார்ப்பவர்களுக்காகப் போட்டி நடத்த வேண்டாம். ஏப்ரலிலிருந்து மறுபடியும் ஸ்விஸ். நீ வாக்குக் கொடுத்திருக்கிறாய்.

இன்னும் ஒரு வேண்டுகோள். ஏப்ரல் ஆறாம் தேதி சனிக்கிழமை என்னால் முடியாது. பதின்மூன்றாம் தேதிக்குத் தள்ளி வை. காரணம் கேட்காதே, உன் அக்கா கேட்கிறாள் என்று செய்.

துர்காவுக்கு என் அன்பு.

அமுதவள்ளி

*

அருப்புக்கோட்டை
14 ஏப்ரல் 2024

என் தம்பிக்கும் துர்காவுக்கும் சித்திரை முதல் நாள் வாழ்த்துகள்.

இங்கே எல்லோரும் நலம். தேதியைத் தள்ளி வைத்து, முறையையும் மாற்றி, மறுபேச்சில்லாமல் "சரி" என்று ஒரே வரியில் பதில் போட்டாயே, அதற்கு நன்றி.

நேற்றைய போட்டி அமைதியாக நடந்தது. மார்செலோவுக்கு நான்காம் இடம். நம் கரிசல் வழக்கம்போல் கடைசி. ஐந்து சுற்றையும் நான் படுத்துக்கொண்டேதான் நடத்தினேன். உன் மச்சான் இரண்டு தலையணையை அண்டை கொடுத்து, அதன்மேல் லேப்டாப்பை வைத்துத் தந்தார். அரை மணிக்கு ஒரு தடவை மோர் கொண்டுவந்தார். எழுந்து தண்ணீர் எடுக்கக்கூட விடவில்லை. பயப்படாதே, லேசான முதுகு வலிதான். இரண்டு வாரம் அதிகம் உட்கார வேண்டாம் என்றிருக்கிறார்கள்.

அதனால் மே மாதத்துக்குச் சின்னப் பலகை வைத்துக்கொள்ளலாமா? பத்தொன்பது கோட்டுப் பலகை என்றால் ஓர் ஆட்டமே ஒரு மணி நேரம் இழுக்கிறது. ஒன்பது கோட்டுப் பலகையில் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஐந்து சுற்றும் ஒன்றரை மணி நேரத்துக்குள் அடங்கும்.

இன்று பக்கத்து வீட்டில் பால் பாயசம் கொடுத்தார்கள். ரொம்ப நாளுக்குப் பிறகு இரண்டாவது தம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன். ஏன் என்று தெரியவில்லை, இன்று எல்லாம் ருசிக்கிறது.

அக்கா

*

டிரெஸ்டன்
21 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமா? முதுகு வலி எப்படி இருக்கிறது? எங்கள் நலத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

துர்கா உண்டாகியிருக்கிறாள். ஆறு வாரம். நேற்றுத்தான் டாக்டர் உறுதி செய்தார். டிசம்பர் இரண்டாம் வாரம் என்று நாள் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. அவளிடம் சொன்னால் ஒரு மணி நேரத்தில் திருச்சுழி வரைக்கும் போய்விடும். உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

எழுதலாமா என்று இரண்டு தடவை யோசித்தேன் அக்கா. உனக்குக் கல்யாணமாகிப் பத்து வருடம் ஆகிறது. அதை நான் மறந்துவிட்டு எழுதவில்லை. ஆனால் அடுத்தவர் வாயிலிருந்து நீ இதைக் கேட்கக்கூடாது என்று துர்காதான் சொன்னாள். "மதினிகிட்ட நீங்களே சொல்லுங்க, இன்னைக்கே சொல்லுங்க" என்றாள்.

ஒன்பது கோட்டுப் பலகை சரி. மே நான்காம் தேதி. வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஹரி

*

அருப்புக்கோட்டை
30 ஏப்ரல் 2024

என் அன்புத் தம்பிக்கும், தாயாகப் போகும் துர்காவுக்கும்,

கடிதத்தைப் படித்தேன், அழுதேன், மறுபடி படித்தேன். உன் மச்சான் பதறிப்போய் "என்ன ஆச்சு, யாருக்கு என்ன?" என்று ஓடி வந்தார். லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். "மாப்பிள்ளை நம்மளையும் மிஞ்சிருவான் போலிருக்கே" என்றார். என்ன சொல்கிறார் என்று நீ மண்டையைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

எனக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தாயா? சந்தோஷமாக இருக்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன். துர்கா நல்ல பிள்ளை, அவளிடம் சொல்.

என்னிடமும் உனக்கு ஒரு சேதி இருக்கிறது. இப்போது சொல்ல மாட்டேன். ஜூன் கடைசியில் எழுதுகிறேன். அதுவரை நச்சரிக்காதே.

துர்காவைப் படியேறி இறங்க விடாதே. தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல். வாந்தி வந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏதாவது சாப்பிட வேண்டும். காலையில் எழுந்ததும் ஒரு ரஸ்க் தின்றால் குமட்டல் அடங்கும்.

மேயில் சின்னப் பலகை. ஜூனுக்கும் அதையே வைத்துக்கொள்வோம்.

மனம் நிறைந்த அன்புடன்
அக்கா

*

டிரெஸ்டன்
2 ஜூன் 2024

அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். நாங்கள் நலம்.

நேற்று என்ன நடந்தது? நம் ஊர் நேரம் மூன்று மணிக்குப் போட்டி. எட்டு நிரல்களும் வந்து காத்திருந்தன. மூன்றேகாலுக்கு ஆட்கள் ஒருவரையொருவர் கேட்க ஆரம்பித்தார்கள். நான் கடையில் துர்காவுக்குப் பழம் வாங்கிக்கொண்டிருந்தேன். மார்செலோவின் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அதற்குள் நாலரை. பாதிப் பேர் போய்விட்டார்கள். போட்டி ரத்து என்று அறிவித்து, எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டேன். உனக்கு ஒன்பது தடவை போன் போட்டேன். மச்சானுக்கு நான்கு தடவை. ஒருவரும் எடுக்கவில்லை.

கரண்ட் இல்லை என்று சொல்லாதே. நீ 2.40க்கு உள்ளே வந்து 2.55க்கு வெளியே போனதாக சர்வரில் பதிவாகியிருக்கிறது. சுற்றுகளைக்கூட அமைத்திருக்கிறாய். தொடங்கு என்ற பொத்தானை அழுத்துவதுதான் பாக்கி. அதை அழுத்திவிட்டுப் போயிருக்கலாமே?

மூன்று மாதமாக உனக்கு இதில் மனமில்லை என்று தெரிகிறது. தேதியை மாற்று, பலகையைச் சிறிதாக்கு, நேரத்தைக் குறை என்கிறாய். வேண்டாம் என்றால் நேரடியாகச் சொல்லிவிடு. ஏழு பேரை உட்கார வைத்துவிட்டு எழுந்து போவது உன் பழக்கம் இல்லை. எனக்குக் கோபத்தைவிட வருத்தம்தான்.

ஹரி

*

அருப்புக்கோட்டை
30 ஜூன் 2024

தம்பிக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள்.

அன்று என் பேரில் தப்பு. திடீரென்று வெளியே போக வேண்டி வந்துவிட்டது. போன் வீட்டிலேயே கிடந்தது. நீ எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கும்படி ஆனது எனக்கு அவமானமாக இருக்கிறது. அந்த ஏழு பேருக்கும் நானே தனித்தனியாக எழுதிவிடுகிறேன்.

கொஞ்ச நாளைக்கு நீயே போட்டியை நடத்து. நாக்-அவுட்டோ ஸ்விஸ்ஸோ, உனக்கு எது சரியென்று படுகிறதோ அப்படி வை. எனக்கு அதில் அபிப்பிராயம் இல்லை.

ஜூன் கடைசியில் ஒரு சேதி என்று சொல்லியிருந்தேன் அல்லவா? அது ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்தில் பதவி உயர்வு வரும் என்று சொல்லியிருந்தார்கள். வரவில்லை.

துர்கா உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும்.

அமுதவள்ளி

*

டிரெஸ்டன்
14 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? உன் கடிதம் உன் கடிதம் மாதிரியே இல்லை. என் மேல் கோபம் என்று புரிகிறது. அன்று சூட்டில் எழுதிவிட்டேன். பதவி உயர்வு இந்த வருடம் போனால் அடுத்த வருடம். அதற்கெல்லாம் மனதை விடாதே.

ஜூலைப் போட்டியை நானே நடத்தினேன். ஆறு பேர்தான் வந்தார்கள். அதனால் லீக் முறை வைத்தேன், எல்லோரும் எல்லோரோடும். ஓர் ஆட்டத்தில் பெரிய சிக்கல். ஆட்டம் முடிந்தபின் எந்தக் காய்கள் செத்தவை, அதாவது தப்ப வழியில்லாமல் மாட்டியவை, என்று இரண்டு நிரலும் ஒத்துக்கொள்ள வேண்டும் இல்லையா? போலந்துக்காரரின் நிரல் தன் மூலைக் காய்கள் இன்னும் உயிரோடு இருப்பதாகவே சாதித்தது. நாற்பது நிமிடம் அந்த மூலையிலேயே காய் வைத்துக்கொண்டிருந்தது. கடைசியில் நானே உள்ளே புகுந்து நிறுத்தினேன். இதற்கு ஒரு விதி போட வேண்டும், நீ யோசித்துச் சொல்.

வளைகாப்புக்கு நாள் குறித்தாகிவிட்டது. செப்டம்பர் எட்டு, ஞாயிறு, நம் ஊர் வீட்டில். ஆகஸ்ட் கடைசியில் வருகிறோம். நாத்தனார் வளையல் நீதான் போட வேண்டும் என்று துர்கா இப்போதே சொல்கிறாள். சிவப்பும் பச்சையும் வேண்டுமாம். அருப்புக்கோட்டை பஜாரில் நீயே பார்த்து வாங்கி வை.

ஹரி

*

அருப்புக்கோட்டை
22 செப்டம்பர் 2024

மாப்பிள்ளை ஹரிக்கு நல்லகண்ணு எழுதுவது.

நீங்க ரெண்டு பேரும் நல்லபடியா ஊர் போய்ச் சேந்ததா அத்தை சொன்னாக. பாப்பா வயித்துல நல்லா இருக்குன்னும் சொன்னாக. சந்தோசம். எனக்கு இந்த மாதிரி எழுதிப் பழக்கமில்ல. மில்லுல ரிப்போர்ட்டு எழுதுறதுதான். தப்பு இருந்தா பொறுத்துக்கிருங்க. இது அமுதாவுக்குத் தெரியாம எழுதுறது.

ரெண்டு வருசமா நாங்க மதுரையில வைத்தியம் பாத்தோம். பள்ளிக்கூட வேலைன்னு அவ சொன்னதெல்லாம் அதுதான். ஆஸ்பத்திரியிலயே கருவ உண்டாக்கி வயித்துல வைக்கிற வைத்தியம். ரெண்டு தடவை தங்கல. மூணாவது தடவை ஏப்ரல் ஆறாம் தேதி வச்சாக. தங்குச்சு. நீங்க துர்காவப் பத்தி எழுதுன அந்த வாரம்தான் எங்களுக்கும் தெரிஞ்சது. மூணு மாசம் தாண்டட்டும், அப்புறம் தம்பிகிட்ட சொல்லுவோம்னு ஆசையா வச்சிருந்தா. ரெண்டு பிள்ளையும் பத்து நாள் இடைவெளியில பொறக்கும்னு விரல் விட்டு எண்ணிக்கிட்டே இருப்பா.

ஜூன் ஒண்ணாம் தேதி நான் ஷிப்டுல இருந்தேன். மூணு மணிக்கு முன்னால போன் பண்ணுனா. "என்னவோ ஆகுது, வாங்க"ன்னா. வந்து பாத்தா நாற்காலியெல்லாம் ரத்தம். பக்கத்து வீட்டு விஜயபாண்டி மதுரைக்குக் கார எடுத்தாரு. காரியாபட்டி தாண்டும்போது முனகிக்கிட்டே எங்கிட்ட சொன்னா, "ஏழு பேரு காத்திருக்காக, ஹரிக்கு ஒரு மெசேஜ் போடுங்க"ன்னு. நான் போடல மாப்பிள்ளை. என்ன எழுதுறதுன்னு தெரியல. நீங்க போன் பண்ணுனப்பவும் எடுக்கல. அதுக்கு நீங்க அவளக் கோவிச்சு எழுதுனீக. அந்தத் தப்பு என்னுது.

வளைகாப்பு அன்னைக்கு நடந்தது உங்களுக்குத் தெரியும். அவ சிவப்பும் பச்சையும் கைப்பையில வச்சுக்கிட்டு முன்னால வந்து நின்னா. அத்தை, "அமுதா, நீ அடுப்படியில பாயசத்தப் பாரு. வளையல் சுமதி போடட்டும்"னாக. உங்க சித்தி மக சுமதிக்கு ரெண்டு பிள்ள இருக்குல்ல, அதான். துர்கா புள்ள "மதினி எங்க, மதினி எங்க"ன்னு கழுத்தத் திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. நீங்க வாசப்படிகிட்ட நின்னு செல்லப் பாத்துக்கிட்டு இருந்தீக. நானும் வாயத் திறக்கல, அதனால உங்களக் குத்தம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல. அவ பாயசத்தக் கிண்டி எல்லாருக்கும் ஊத்துனா. பாத்திரத்தையும் அவளே கழுவுனா. பஸ்ஸுல வரும்போது "வளையல் எங்க?"ன்னு கேட்டேன். அடுப்படி அலமாரியிலயே வச்சிட்டு வந்துட்டாளாம்.

இப்ப ஸ்கூலுக்குப் போறா, வாரா. பேசுறதில்ல. கம்ப்யூட்டரத் திறக்குறதில்ல. நான் சொன்னதாக் காட்டிக்கிறாதீக. ஆனா ஒரு லெட்டர் போடுங்க மாப்பிள்ளை.

நல்லகண்ணு

*

டிரெஸ்டன்
29 செப்டம்பர் 2024

அக்கா,

போட்டியைப் பற்றி எழுதுவதாக நினைத்துத்தான் உட்கார்ந்தேன். அக்டோபரில் என்ன முறை வைக்கலாம் என்று தொடங்கி நான்கு தடவை எழுதி நான்கு தடவையும் அழித்துவிட்டேன். மச்சான் எழுதினார். உன்னிடம் காட்டிக்கொள்ள வேண்டாம் என்றார். என்னால் முடியவில்லை. அவரைத் திட்டாதே.

ஜூன் இரண்டாம் தேதி நான் எழுதியதை எடுத்துப் படித்தேன். பொத்தானை அழுத்திவிட்டுப் போயிருக்கலாமே என்று கேட்டிருக்கிறேன். அதை எழுதிய கையை என்ன செய்வது?

வளைகாப்பு அன்று அம்மா சொன்னது என் காதில் விழுந்தது. விழவில்லை என்று இந்த மூன்று வாரமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். விழுந்தது. உன் முகத்தையும் பார்த்தேன். செல்போனில் ஒன்றுமே இல்லை அக்கா, வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வீடு நிறைய ஆட்கள், இப்போது எதற்குச் சத்தம், அப்புறம் அம்மாவிடம் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த அப்புறம் வரவே இல்லை. ஜூனில் நடந்தது எனக்குத் தெரியாது, அது உண்மை. ஆனால் தெரியாமல் இருந்ததால் நான் செய்தது சரியாகிவிடாது. பத்து வருடமாக உனக்குக் குழந்தை இல்லை என்பது எனக்குத் தெரியும். உன்னை ஏன் அடுப்படிக்கு அனுப்புகிறாள் என்பதும் தெரியும்.

நேற்று அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "ஊரு என்னமும் சொல்லிரக் கூடாதேன்னு செஞ்சேன்யா, பிள்ளத்தாச்சிக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவளத்தானய்யா சொல்லுவாக" என்றாள். நான் கத்திவிட்டேன். மதுரை விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை. அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

போட்டியை நிறுத்தி வைத்திருக்கிறேன். எல்லோரும் கேட்கிறார்கள், பதில் சொல்லவில்லை. நீ பதில் எழுத வேண்டும் என்று கேட்க எனக்கு வாயில்லை. துர்காவிடம் சொல்லிவிட்டேன். அவள் அன்றிலிருந்து சாப்பிடும்போது அழுகிறாள்.

ஹரி

*

அருப்புக்கோட்டை
22 டிசம்பர் 2024, ஞாயிறு

அன்புத் தம்பி ஹரிக்கு,

நாங்கள் நலம். நீ, துர்கா, குழந்தை மூவரும் நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் வந்து மூன்று மாதம் ஆகப்போகிறது. கோபத்தில் பதில் போடாமல் இருக்கவில்லை. கோபம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அம்மாவைவிட உன்மேல்தான் அதிகம் இருந்தது. அம்மாவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நீ கண்ணைத் தாழ்த்தினாயே, அதுதான் ரொம்ப நாள் உறுத்தியது. இப்போது குறைந்திருக்கிறது. முழுதாகப் போய்விடவில்லை.

ஜூன் ஒன்றாம் தேதியை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன் மச்சானிடம்கூட. அவர் பார்த்தது பின்பாதியைத்தான். மதியம் இரண்டரைக்கே உட்கார்ந்துவிட்டேன். அன்று காலையிலிருந்து வயிற்றில் ஒரு கனம். மதுரைக்குப் போய் வந்த களைப்பு என்று நினைத்தேன். சுற்றுகளை அமைத்தேன். முதல் சுற்றில் மார்செலோவுக்கும் நம் கரிசலுக்கும் ஆட்டம் என்று திரையில் வந்தது. சிரித்தேன். அப்போது ஒரு வலி. எழுந்திருக்க வேண்டும் என்று தெரிகிறது. ஆனால் எழுந்தால் எல்லாம் போய்விடும், அசையாமல் இருந்தால் நின்றுவிடும் என்று தோன்றியது. ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். திரையில் எட்டுப் பெயர்கள் இருந்தன. அவற்றையே மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் கீழே பார்த்தேன்.

பதினோரு வாரம். காரணம் எதுவும் இல்லை என்றார் டாக்டர். சில சமயம் இப்படி ஆகும் என்றார். ஆஸ்பத்திரியில் சேமித்து வைத்திருந்த கருக்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன. மறுபடி முதலிலிருந்து தொடங்கலாமா என்று கேட்டார்கள். உன் மச்சான் என் முகத்தைப் பார்த்தார். நான் வேண்டாம் என்றேன். அவர் வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பேசவில்லை.

போன மாதம் ஊருக்குப் போய் அம்மாவிடம் நானே சொன்னேன். நல்ல மழை, காட்டு வேலை எதுவும் இல்லை, இரண்டு பேரும் உள்ளேதான் உட்கார்ந்திருந்தோம். கேட்டுக்கொண்டே இருந்தாள். "எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லடி" என்றாள். "சொன்னா என்னம்மா செஞ்சிருப்ப?" என்றேன். அன்று அவள் சாப்பிடவில்லை. மறுநாள் நான் பஸ் ஏறும்போது ரோடு வரைக்கும் அந்த முழங்காலோடு நடந்து வந்தாள். பஸ் கிளம்பியபின்னும் அங்கேயே நின்றாள்.

நாளைக்கு டிசம்பர் இருபத்து மூன்று. எனக்குச் சொன்ன நாள் அது. அதனால்தான் இன்று உட்கார்ந்து எழுதுகிறேன். நாளைக்கு என்னால் முடியுமா என்று தெரியவில்லை. உன் மச்சான் நாளைக்கு லீவு போட்டிருக்கிறார், ஏன் என்று சொல்லவில்லை.

ஜனவரியில் போட்டியை நான் நடத்துகிறேன். லீக் முறை, பதின்மூன்று கோட்டுப் பலகை. ஒரே நாளில் முடிக்க வேண்டாம், நான்கு சனிக்கிழமைகளாகப் பிரித்து வைப்போம். யார் வீட்டில் என்ன ஆனாலும் விட்ட ஆட்டத்தை அடுத்த வாரம் ஆடிக்கொள்ளலாம் என்று விதியில் சேர்த்திருக்கிறேன். காரணம் கேட்கக்கூடாது என்றும் சேர்த்திருக்கிறேன். செத்த காய் தகராறுக்கு நீ ஒரு விதி கேட்டாய். நாற்பது நிமிடம் பொறுத்திருந்தாய் அல்லவா, அதுவே போதும். அதற்கு மேல் நடுவர் நிறுத்தலாம்.

குழந்தை டிசம்பர் ஒன்பதில் பிறந்தது என்று அம்மா சொன்னாள். பெண் என்றாள். சித்தி வேறு ஏதேதோ சொன்னாள். தெருவில் பார்க்கிறவர்கள்கூட என்னிடம் உன் மகளைப் பற்றிப் பேசுகிறார்கள். நீ ஒரு வரி எழுதவில்லை. ஒரு படம் அனுப்பவில்லை. எனக்கு வலிக்கும் என்றுதான் அனுப்பவில்லை, தெரியும். வலிக்கும்தான். ஆனால் நீ என்னிடம் மறைப்பதும் வலிக்கிறது ஹரி. இரண்டு வருடம் உன்னிடம் மறைத்தவள் நான். அது எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியும்.

போனில் வேண்டாம், எழுது. எவ்வளவு எடை, தலைமுடி இருக்கிறதா, துர்காவுக்குப் பால் வருகிறதா, அவளுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள். எல்லாவற்றையும் எழுது. படித்துவிட்டு அழுவேன். அழுது முடித்தபின் பதில் எழுதுவேன்.

உன் அக்கா
அமுதவள்ளி